விருந்துக்கு வந்த சதுப்பு

சதுப்பு எங்கள் வீட்டுப் பின்கதவடிக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். சதுப்புக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மலையின் முதுகில் எத்தனை ஆயிரம் வருஷம் அப்படியே கிடந்ததோ, அந்த வருஷம் புரட்டாதி பிறந்து, முதல் உறைபனி விழுந்து, பழமெல்லாம் சிவந்த பிறகு, தன் பாசியையும் தன் கறுத்த தண்ணீரையும் தன் குளிர்ந்த மூச்சையும் கூட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் இறங்கி வந்து, நாங்கள் உடுப்புக் காயப்போடும் கம்பிக்கும் விறகு அடுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. யாரைத் தேடி வந்தது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. என் மனைவி தவநாயகியைத் தேடித்தான் வந்தது. அதைக் கொன்றது நான். வேறு யாரும் சொல்வதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

நோர்வேயின் வடக்கு முனையில், மரம்கூட முளைக்கத் தயங்குகிற இடத்தில், எண்ணூறு சனம் உள்ள மீன்பிடித் துறை அது. யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பி ஓடியவர்களில் நாற்பது பேர்வரை எப்படியோ அங்கே போய் ஒதுங்கியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவரும், சந்தியில் புடவைக்கடை வைத்திருந்தவரும், என்னைப் போல வெங்காயம் செய்த கமக்காரனும், எல்லாரும் ஒரே ஆலையில் ஒரே வெள்ளைத் தொப்பியும் ஒரே ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஒரே மாதிரி மீன் வெட்டினோம். ஊரில் ஒரு கோயில் வீதியில் ஒன்றாக நடக்க யோசித்தவர்களை ஒரு கன்வேயர் பட்டி தோளோடு தோள் நிறுத்திவைத்தது. அந்த அளவுக்கு அந்தப் பட்டிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பெண்களுக்குத்தான் அந்தப் பட்டி எமன். ஈரச் சீமெந்துத் தரையில், பனிக்கட்டி உருகி ஓடும் தண்ணீரில், எட்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். ஒன்றுக்குப் போவதென்றால் மேற்பார்வை செய்கிறவனை நோக்கிக் கையை உயர்த்த வேண்டும், அவன் தலையாட்ட வேண்டும், போகிறவள் ஏப்ரனும் கையுறையும் பூட்ஸும் கழற்றிப் போய்வந்து திரும்ப எல்லாவற்றையும் கழுவி மாட்டிக்கொள்வதற்குள் அவளுடைய மீன் பக்கத்தில் நிற்பவளின் தலையில் குவிந்துவிடும். ஓர் ஆம்பிளைக்கு நேரே கையை உயர்த்தி அதைக் கேட்பதைவிட, விடியற்காலை தொடங்கித் தண்ணீரே குடிக்காமல் இருப்பது மேல் என்று எங்கள் பெண்கள் தங்களுக்குள் தீர்மானித்திருந்தார்கள். ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லாருக்கும் நீர்க்கடுப்பு வந்தது. தவநாயகிக்கு வருஷத்தில் நாலு தடவை வந்தது. குளிசை கொடுத்தார்கள், ஒரு குளிசைக்கு உடம்பெல்லாம் தடித்தது, மற்றக் குளிசை கேட்கவில்லை. "இது மேலே ஏறி சிறுநீரகத்தைத் தொட்டால் நான் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது" என்று டொக்டர் சொன்னதை நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

பட்டியில் அவளுக்கு இடப்பக்கம் நிற்பவள் குன்வோர். நாற்பத்தைந்து வயது, அகலமான தோள், சிரிப்புக்கும் அவளுக்கும் ஏதோ பழைய கோபம். தவநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு கத்தி பிடிப்பதை மூன்று நாள் பார்த்தவள், நாலாம் நாள் ஒரு வாளி நிறையப் பழம் கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சாடி விதையைவிடக் கொஞ்சம் பெரிய, சிவந்த, இறுகிய பழம். கடித்தால் காது வரைக்கும் புளிக்கும். புத்தகத் தமிழில் குருதிநெல்லி என்று ஏதோ பெயர் இருக்கிறதாம், எங்கள் ஆட்கள் பார்த்த மாத்திரத்திலேயே புளிமுத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலைமேல் சதுப்பில் பாசிக்கு மேலே நூல் மாதிரி கொடி ஓடிக் காய்க்கிறது, உறைபனி ஒரு தடவை தொட்ட பிறகுதான் பிடுங்க வேண்டும், கல்லுப் படியில் போட்டால் துள்ளுகிற பழம் நல்லது, துள்ளாதது கூடாது, போத்தலில் வெறும் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் சீனியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அடுத்த கோடைவரை பழுதாகாது. காய்ச்சலுக்குச் சுடுதண்ணீரில் நசுக்கிக் குடிப்பது, பல்முரசில் இரத்தம் வராமலிருக்கக் கப்பலுக்குப் பீப்பாயில் கொண்டுபோவது, நீர்க்கடுப்புள்ள பெண்கள் காலையும் மாலையும் ஒரு கிளாஸ் குடிப்பது. இவ்வளவையும் குன்வோர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மீன் வெட்டத் திரும்பினாள். அந்த வருஷம் முழுதும் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. தவநாயகி பருப்பு வடை சுட்டு, வாளியின் அடியில் அடுக்கிக் கொடுத்தாள். குன்வோர் வாளிக்குள் பார்த்து, வடையைப் பார்த்து, வாளியைக் கழுவ மறந்துவிட்டோம் என்று நினைத்தாள். விளக்கிச் சொன்ன பிறகு, "எங்களிடம் வெறும் வாளி என்றால் வெறும் வாளிதான்" என்றாள். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம், பாவம் பழக்கவழக்கம் தெரியாத சனம் என்று.

அதன் பிறகு தவநாயகி தானே மலைக்கு ஏறத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாளியோடு போவாள், கால்வாளிப் பழத்தோடு பொழுதுபட வருவாள், இவ்வளவு நேரம் என்ன செய்தீர் என்று கேட்டால் பழம் சின்னன், பிடுங்க நேரமெடுக்கும் என்பாள். இரண்டு வருஷம் கடுப்பு அவளை அண்டவில்லை. மூன்றாம் வருஷம் ஆவணிக் கடைசியில், வைத்திருந்த போத்தல்கள் எல்லாம் முடிந்துபோன நேரத்தில், அவளுக்குக் கடுப்பு திரும்பி வந்து குளிர்காய்ச்சல் பிடித்தது. பதினொரு நாள் படுக்கை. உறைபனி விழுந்துவிட்டது என்று ஆலையில் சொன்னார்கள், பழம் சிவந்துவிட்டது என்றார்கள், அவளோ கட்டிலிலிருந்து குசினிவரை போவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் போக முடியாததால் சதுப்பு வந்தது. இதில் விளங்காத விஷயம் ஒன்றும் இல்லை.

அது இறங்கியதை முதலில் கண்டவன் பஸ் ஓட்டுகிறவன். பெரிய தெருவைக் கடக்க அதற்கு ஒன்றரை நாள் பிடித்தது. அவன் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தான், உள்ளே இருந்தவர்கள் பாணும் மீன்முட்டையும் சாப்பிட்டார்கள், சிலர் நடந்து போனார்கள். கடந்து முடிந்தபோது தார்த் தெரு கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. நேரே வந்திருந்தால் பந்தடிக்கிற மைதானத்தின் நடுவாகப் போயிருக்கும், ஞாயிறு போட்டி இருந்தபடியால் மைதானத்தைச் சுற்றிப் போனது. தேவாலயத்து மதிலடியில் ஒருநாள் தங்கியது. குன்வோருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கிட்ட வந்தபோது தன்னை ஒடுக்கிக்கொண்டு, வரம்பில் ஒரு செடிகூட மிதிபடாமல் ஒரு முழ அகலத்தில் ஊர்ந்து கடந்தது என்று குன்வோரே சாட்சி சொன்னாள். மலையில் அது கிடந்த இடத்தில் வெறும் பாறையும் கொஞ்சம் மழைத்தண்ணீரும் மிஞ்சின.

செவ்வாய்க்கிழமை காலை, யன்னலுக்குக் கீழே ஏதோ தண்ணீர் உறிஞ்சுவது போலச் சத்தம் கேட்டு, தவநாயகி எழுந்து சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். நானும் பின்னால் போனேன். பச்சையும் மஞ்சளும் செம்மையுமாகப் பாசி வாசற்படிவரை வந்து நின்றது, அதன் மேலே பழம் கொட்டிக் கிடந்தது. அவள் படியிலேயே முழங்காலில் இருந்து, கொடியிலிருந்தபடியே ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாயில் போட்டாள். "வந்திட்டியோ" என்று மட்டும் கேட்டாள். என்னை அவள் ஒருநாளும் அந்தக் குரலில் கேட்டதில்லை.

புதுக் குளிசையும் பழச்சாறும் சேர்ந்து பத்து நாளில் அவளை எழுப்பிவிட்டன. கடுப்பு வரமுன் பழம் காக்கும், வந்த பிறகு குளிசைதான் வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கும் ஒரு போத்தல் வாங்கிப் போனார்.

ஊர்ச்சபையிலிருந்து ஒருவர் நிலத்தில் உருட்டி அளக்கிற சில்லோடு வந்து, சதுப்பைச் சுற்றி நடந்து, இது உங்களுடையதா என்று கேட்டார். எங்களுடையது இல்லை, எங்களிடம் வந்திருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டு போனார். மூன்று கிழமையில் கடிதம் வந்தது: மேற்படி சதுப்பு தற்போதைய இடத்தில் ஆறு மாதம் தங்கியிருக்க அனுமதிக்கப்படுகிறது, அதன் பிறகு நிலைமை மீளாய்வு செய்யப்படும். அகதியாக வந்து சேர்ந்தபோது எங்களுக்கு வந்த கடிதமும் எழுத்துக்கு எழுத்து இதுதான் என்பதால், எங்கள் ஆட்களுக்கு அன்றைக்கே சதுப்பின் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

நோர்வேக்காரர்கள் இதைப் பெரிதாகக் கதைக்கவில்லை. நடந்து போகிறவர்கள் நின்று பார்த்து, "ஓ, இஞ்சதானா இப்ப" என்கிற மாதிரி ஒரு தலையசைப்போடு போய்விடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது போதுமா? எங்கள் சங்கத்தின் தலைவர் சபாநாயகம் அண்ணை, அந்தக் கணக்கு வாத்தியார், உடனே கூட்டம் வைத்தார். சதுப்பு ஆணா பெண்ணா என்று ஒரு மணித்தியாலம் வாதம் நடந்தது.

"வந்தது ஆர் எண்டு தெரியாமல் எப்பிடி ஆலாத்தி எடுக்கிறது?" என்றார் சபாநாயகம் அண்ணை.

"அது மலையில இருந்து வந்தது அண்ணை" என்றேன்.

"மலையில எந்தப் பக்கம் எண்டு கேட்டனீரோ?"

எங்கள் ஆட்கள் யாரோடு பழக வெளிக்கிட்டாலும் முதலில் ஊர் விசாரிப்பார்கள், அது பூர்வீகத்தில் யார் என்று அறிகிற மறைவான வழி, சதுப்பையும் விடவில்லை. கடைசியில், பூத்துக் காய்க்கிறபடியால் பெண் என்றும், வெறுங்கையோடு வராதபடியால் நல்ல குடும்பம் என்றும் தீர்மானம் நிறைவேறியது. ஒஸ்லோவிலிருந்து பார்சலில் வந்த ஒரே தேங்காயை யார் உடைப்பது என்பதில் மட்டும் சங்கம் இரண்டாகி, ஒரு மாதம் கழித்து ஒன்றானது.

அந்தக் குளிர்காலம் எங்கள் நாற்பது பேருக்கும் நல்ல காலம். மீன் குழம்புக்குப் பழப்புளிக்குப் பதில் புளிமுத்து விட்டோம், ரசம் வைத்தோம், மிளகாய்த் தூள் போட்டு ஊறுகாய் போட்டோம், கூழுக்குள்ளும் கொட்டினோம். பட்டியில் நிற்கிற பெண்கள் எல்லாரும் காலையும் மாலையும் ஒரு கிளாஸ் குடித்தார்கள். தண்ணீர் குடிக்கவே பயந்தவர்கள் அந்தச் சாட்டில் தண்ணீரும் குடித்தார்கள், கையை உயர்த்தவும் பழகினார்கள், ஒரே நேரத்தில் ஏழு பேர் கை உயர்த்திய நாளில் மேற்பார்வைக்காரன் கேட்காமலே போகலாம் என்று விட்டுவிட்டான். பழத்தின் பலன் பெரியது என்றால் அதைவிடப் பெரிதாகத்தானே எங்கள் வாய் பேசும்: சீனி வருத்தத்துக்கு நல்லது, தலைமயிருக்கு நல்லது, கோபத்துக்கு நல்லது என்று ஆளுக்கு ஒன்று சேர்த்தார்கள். சபாநாயகம் அண்ணைக்கு இருதயத்துக்காக இரத்தம் தடிக்காமலிருக்கிற குளிசை, அதோடு இந்தச் சாறு அளவுக்கு மேல் கூடாது என்று டொக்டர் தடுத்திருந்தார். களவாகக் குடித்துவிட்டு வந்து, தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்த இடத்தில் மூக்கால் இரத்தம் கொட்ட நின்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் போத்தலை மனைவி பூட்டி வைத்தாள்.

தவநாயகி அந்த வருஷம் ஒருநாளும் படுக்கவில்லை. முகத்தில் சதை வைத்தது. வேலை முடிந்து வந்ததும் பின்கதவைத் திறந்து படியில் இருப்பாள், பனி மூடிக் கிடந்தாலும் இருப்பாள். உயிரோடு அவளை நான் ஊருக்குத் திரும்பக் கூட்டிப் போவேன் என்ற நம்பிக்கை எனக்கு அந்த வருஷம்தான் வந்தது. அந்த நம்பிக்கைக்கு நான் சதுப்புக்குக் கடன்பட்டிருந்தேன், கடனோடு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அதுதான் என் வியாதி, அதற்கு ஒரு பழமும் இல்லை.

வைகாசியில் பனி உருகியபோது நான் சதுப்பைக் கமக்காரன் கண்ணால் முதல்முறையாகப் பார்த்தேன். பார்த்ததும் நெஞ்சு கரைந்தது. மண் என்று ஒன்று இல்லை, தண்ணீரில் ஊறிய பாசி மட்டும். கொடியோ தையல் நூல் அளவு, இலை அரிசிமணி அளவு. இடையிடையே ஒரு சின்னச் செடி, சிவந்த மயிரில் பசை வைத்துக்கொண்டு, வழியில் போகிற நுளம்பைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பூச்சி பிடித்துத் தின்கிற அளவுக்கு ஒரு செடிக்குப் பசி என்றால் அந்த நிலம் எவ்வளவு பட்டினியாக இருக்க வேண்டும். நான் புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் பிறந்தவன். ஆட்டெரு போட்டு, பூவரசங்குழை தாட்டு, சாம்பல் தூவி, வெங்காயத்தை முட்டியளவு விளைவித்த பரம்பரை. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி எங்கள் கண்முன்னே பட்டினி கிடப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"இஞ்சருங்கோ, அதுக்கு ஒண்டும் போடாதேங்கோ" என்றாள் தவநாயகி.

"ஏன்?"

"அது கேக்கேல்லை."

"வந்தவை வாய் திறந்து கேப்பினமே? நாங்கள்தான் பாத்துச் செய்யவேணும். நீர் சும்மா இரும், நான் கமக்காரன்."

அவள் எதையும் ஒரு தடவைதான் சொல்லுவாள், எங்கள் வீட்டில் ஒரு தடவை சொன்னது சொல்லாததற்குச் சமம். இதை இப்போது எழுதுகிறபோது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலில் பால் ஊற்றினேன், ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சள் தண்ணீர் தெளித்து. பால் போன இடம் தெரியவில்லை. பிறகு அரிசி கழுவின தண்ணீர். பிறகு ஆலையில் ஒதுக்குகிற மீன்தலையும் குடலும், வாளி வாளியாக. பிறகு அடுப்புச் சாம்பல், புளிப்பு முறிய. நான் போடுகிறேன் என்று தெரிந்ததும் மற்ற வீடுகள் சும்மா இருக்குமா, தங்கள் வீட்டுப் பெண்ணையும் அதுதானே காப்பாற்றியது; சனிக்கிழமைகளில் வரிசையாக வந்தார்கள், ஒருத்தர் பாலோடு, ஒருத்தர் கஞ்சியோடு, ஒருத்தர் சந்தையில் வாங்கிய கோழியெருவோடு, புட்டு மிச்சத்தோடு, வெல்லத் தண்ணீரோடு, வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "குறை நினையாதை பிள்ளை, கொஞ்சம் எண்டாலும் சாப்பிடு" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார்கள். யார் கூடுதலாக ஊற்றுவது என்று போட்டியே வந்தது. எங்கள் அன்பு எப்போதும் அப்படித்தான், இலையில் கை குறுக்கே வைத்தாலும் விரலுக்கு மேலாலே சோற்றைப் போடும்.

குன்வோர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்தாள்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றாள்.

"சாப்பாடு குடுக்கிறம்" என்றேன் அவள் பாஷையில்.

"அதற்கு மழைதான் சாப்பாடு. மழை மட்டும்தான். வேறு எல்லாம் அதற்கு நஞ்சு."

நான் சிரித்தேன். மழையை மட்டும் குடித்து உயிர் வாழ்கிற நிலம் என்று ஒன்று இருக்குமா, இந்தச் சனத்துக்கு விருந்தாளிக்கு ஊட்டத் தெரியாது, வெறும் வாளி கொடுக்கிற சனம் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் இரண்டாம் தரம் சொல்லவில்லை. யாரையும் வற்புறுத்துவது அவள் ஊரில் மரியாதைக் குறைவு. அவர்கள் மரியாதையும் எங்கள் மரியாதையும் சேர்ந்துதான் அதைச் சாகடித்தன என்று சொல்லித் தப்பிவிடலாம், ஆனால் வாளி என் கையில்தான் இருந்தது.

ஆடி மாதம் சதுப்பு பச்சைப் பசேலென்று ஆனது. அந்த வடக்கு முனையில் யாரும் காணாத பச்சை. முழங்காலளவு புல், மஞ்சள் பூ, காஞ்சோண்டி, வெள்ளைப் பூ, வண்ணத்துப்பூச்சி. பக்கத்து ஊர்களிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. "கமக்காரன் கமக்காரன்தான்" என்று சபாநாயகம் அண்ணை பேசினார். ஊர்ச்சபைக் கடிதம் வந்தது: சதுப்பு எனப்படும் மேற்படி நிலம் இனிமேல் புல்வெளியாகப் பதிவு செய்யப்படுகிறது, ஆகவே நிரந்தரமாகத் தங்கலாம். நாங்கள் கைதட்டினோம். தவநாயகி மட்டும் பின்கதவடியில் இருப்பதை நிறுத்தியிருந்தாள். நான் அதைக் கவனித்தேன், வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

புரட்டாதி வந்தது. உறைபனி விழுந்தது. நான் வாளியோடு இறங்கி, புல்லை விலக்கி விலக்கி, முழங்காலில் நின்று ஒரு பகல் முழுதும் தேடினேன். ஒரு பழம் இல்லை. நூல் கொடியும் இல்லை, நுளம்பு பிடித்த செடியும் இல்லை. புல்லுக்கு அடியில் பாசி கறுத்துக் கரைந்து, அழுகின முட்டை மணத்தோடு விரலுக்கிடையில் வழிந்தது. குன்வோர் வந்து குனிந்து, தன் கையை மணிக்கட்டுவரை விட்டு எடுத்து மணந்து பார்த்தாள். கையைப் புல்லிலேயே துடைத்தாள்.

"இது இனி மலைக்குத் திரும்பி நடந்து போகாது" என்றாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன், அவள் குரலில் துக்கம்தான் இருந்தது.

அவள் வேறு மலைகளில் ஏறித் தேடினாள். எங்கள் ஆட்களும் ஏறினார்கள். எங்கும் வெறும் பாறை. மற்றச் சதுப்புகள் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு உள்நாட்டுக்குத் தள்ளிப் போய்விட்டன என்று ஊரில் சொன்னார்கள், சொன்ன விதத்தில் பழி இருக்கவில்லை, மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்கள். கடையில் பொதியில் விற்கிற காய்ந்த பழம் வாங்கி வந்தேன். சீனிப்பாகில் ஊறி மிட்டாய் மாதிரி இருந்தது. தவநாயகி ஒன்றை வாயில் போட்டு, எனக்காக விழுங்கினாள்.

மாசி மாதம் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை அவள் என்னிடம் மூன்று நாள் சொல்லவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பட்டியில் விழுந்ததைக் குன்வோர்தான் தாங்கினாள். ஹெலிகொப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள், மற்றதும் அரைவாசிதான் வேலை செய்யும் என்றார்கள். பழம் இருந்திருந்தாலும் இது வந்திருக்கக்கூடும் என்று எங்கள் டொக்டர் என் தோளில் கைவைத்துச் சொன்னார். நல்ல மனுசன். நான் அதை நம்பவில்லை, நம்பினால் எனக்கு ஆறுதலாகிவிடும் என்ற பயத்தில்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பனி உருகியிருந்தது. யன்னலுக்கு வெளியே புல் திரும்பவும் பச்சையாக எழும்பிக்கொண்டிருந்தது, முந்தின வருஷத்தைவிடச் செழிப்பாக. நான் யன்னல் சீலையை இழுத்துவிட்டேன். பிறகு தலையணையை உயர்த்தினேன், காலுக்குப் போர்வை போட்டேன், பார்லித் தண்ணீர் வைத்தேன், அவளுக்கு உப்புக் கூடாது என்றபடியால் உப்பில்லாத கஞ்சி வைத்தேன், தோடம்பழம் உரித்தேன், தோடம்பழமும் கூடாது என்று நினைவு வந்து எடுத்துக்கொண்டு போனேன், வாசலில் கழற்றிக் கிடந்த சப்பாத்தைத் துடைத்து ஒழுங்காக வைத்தேன், திரும்ப வந்து தலையணையை இறக்கினேன்.

"இஞ்சருங்கோ."

"என்ன வேணும் சொல்லும்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம். ஒண்டும் கொண்டு வராதேங்கோ. கொஞ்ச நேரம் இதில இருங்கோ, அதுவே காணும்."

கட்டில் ஓரத்தில் இருந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணம் முடித்துப் பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னிடம் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான், அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. இதையாவது செய்வேன், பொழுதுபடும்வரை அசையமாட்டேன் என்று நான் மனதுக்குள் சத்தியமே செய்தேன். அவள் கண்ணை மூடினாள். முகம் தளர்ந்தது. சுவர் மணிக்கூட்டில் பத்து நிமிஷம்கூடப் போயிருக்காது, அவளுடைய உதடு காய்ந்து வெடித்திருப்பதைக் கண்டேன்.

"வாய் காஞ்சு கிடக்கு, ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரட்டே?" என்று கேட்டேன். கேட்கும்போதே நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

அவள் என் கையை விட்டாள்.

"ஓம்" என்றாள், "போடுங்கோ."